இப்போதைக்கு நிறுத்தி வைப்பவர்

‘வேண்டாம்’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு மனித இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. பேச்சில் அவர்களுக்குக் குறையொன்றும் கிடையாது. வாயைத் திறந்தால் மணிக்கணக்கில் பேசுவார்கள், அரசியலை அலசுவார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் மூட்டுவலிக்கு வைத்தியம் சொல்வார்கள். அந்த ஒரு சொல் மட்டும் தொண்டைக்குழி வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போய்விடும். அதற்குப் பதிலாக வேறொன்று வெளியே வரும்.

“இப்போதைக்கு நிறுத்தி வைங்களேன்.”

ஒரு காலத்தில் இவர்கள் பாடு பெரும் திண்டாட்டமாக இருந்தது. பத்திரிகைச் சந்தாவோ, உடற்பயிற்சிக் கூடமோ, சேர்ந்தால் தொடர வேண்டும், பிடிக்காவிட்டால் விலக வேண்டும். விலகுவதென்றால் யாரிடமாவது போய் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்குப் பயந்தே ஆயுள் முழுக்கப் படிக்காத பத்திரிகைகளை வாங்கிக் குவித்தவர்கள் உண்டு. பிறகு எந்தப் புண்ணியவானோ, ‘விலகவெல்லாம் வேண்டாம், கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள், நினைத்தபோது திரும்ப வாருங்கள்’ என்று ஒரு வழியைக் கண்டுபிடித்தார். வாடிக்கையாளர் கைவிட்டுப் போகாமல் இருக்க வியாபாரிகள் செய்த தந்திரம்தான். நம் இனத்தாருக்கோ அது மோட்சத்தின் வாசல். அன்றிலிருந்து அவர்கள் எதையும் விட்டதில்லை. எதையும் தொடர்ந்ததும் இல்லை.

இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஐம்பதுக்கு ஒரு வயது குறைவு. கண் பரிசோதிப்பதில் கெட்டிக்காரர், கைராசிக்காரர். வீட்டில் மனைவியும் மகளும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘இப்போதைக்கு’. கடையில் வேலை செய்கிறவர்களுக்கும் இந்தப் பெயர் தெரியும். அவர் உள்ளறைக்குப் போனதும் பயன்படுத்துவார்கள்.

அவர் நிறுத்தி வைத்திருப்பவற்றைக் கேளுங்கள். உடற்பயிற்சிக் கூடம் இரண்டரை வருடமாக, வாரம் ஒரு முறை வீட்டுக்கு வரும் காய்கறிக் கூடை ஒன்றரை வருடமாக, அந்நிய மொழி ஒன்றைக் கற்றுத்தரும் செயலி ‘நான் ஒரு ஆப்பிள் சாப்பிடுகிறேன்’ என்ற மூன்றாவது வாக்கியத்தோடு, விடியற்காலை நடைப்பயிற்சிக் குழு முதல் நாள் கால் பிசகியதோடு, அறிவியல் மாத இதழ் ஒன்று, தோட்டக்கலை இதழ் ஒன்று (வீட்டில் தோட்டம் இல்லை), படம் பார்க்கும் சேவைகள் நான்கு, அதில் ஒன்றை எதற்குச் சேர்ந்தார் என்று அவருக்கே மறந்துவிட்டது. தினமும் காலையில் இவையெல்லாம் அவருடைய கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். ‘உங்களைக் காணாமல் ஏங்குகிறோம்’, ‘உங்கள் இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது’. அவர் ஒவ்வொன்றாகப் படித்துப் பூரித்துப் போவார். இத்தனை பேர் தனக்காக ஏங்குகிறார்களே! கட்டிய மனைவி ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருப்பாளா?

நிறுத்தி வைத்தது கைவிட்டுப் போகவில்லை என்பது அவர் சித்தாந்தம். உடற்பயிற்சிக் கூடத்தில் பெயர் இருக்கும்வரை அவர் கட்டுடல்காரர்தான், தற்சமயம் ஓய்வில் இருக்கிறார், அவ்வளவே. தொப்பையைத் தடவிக்கொண்டே, “ஜிம்முக்குப் போறேன்” என்று கூசாமல் சொல்வார். பொய் என்று யாராவது நிரூபிக்க முடியுமா? ரசீது இருக்கிறதே!

இதில் பெரிய வேடிக்கை அவருடைய தொழில். காலையிலிருந்து மாலை வரை இருட்டறையில் ஒரு நாற்காலியில் மனிதர்களை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது நல்லா தெரியுதா, இல்ல இது நல்லா தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரும் இருபது தடவை ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றொன்றை ஒதுக்கியாக வேண்டும். கேட்கிறவர் மட்டும் எதையும் ஒதுக்க மாட்டார்.

இவ்வளவும் யாருக்கும் கெடுதல் இல்லாத கிறுக்கு என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். வயலின் டீச்சர் தொலைபேசியில் அழைக்கும் வரை.

வயலின் டீச்சர் சலவைக் கடை மாடியில் ஒற்றை அறையில் வகுப்பு நடத்துகிறவர். ஒரு நேரத்துக்கு ஒரே மாணவர்தான் என்பது அவர் கட்டுப்பாடு. வாரத்துக்குப் பதினெட்டு நேரங்கள். சுவரில் ஒரு பலகை, பலகையில் பதினெட்டு ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் மாணவர் பெயர் எழுதிய அட்டை. முன்பு ஒரு சமயம், பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்ததால் வகுப்பை விட்டு விலகுவதாகச் சொல்லவந்த ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. “விலகுறேன்னு ஏன் சொல்றே? நிறுத்தி வச்சுக்கோ. உன் நேரம் உனக்குத்தான்” என்று அவளுடைய அட்டையைக் கழற்றாமல் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டார். இந்தச் சலுகை காதும் காதும் வைத்தாற்போல் இருந்திருந்தால் பரவாயில்லை. மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

நம் கண்ணாடிக்காரர் சேர்ந்தது நான்கு வருடத்துக்கு முன்பு. சனிக்கிழமை மாலை ஐந்து மணி. சேர்ந்தபோது இருந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! வயலின் வாங்கினார், பெட்டி வாங்கினார், துடைக்க மெத்தென்ற துணி வாங்கினார். ஒன்பது வகுப்பு போனார். பத்தாவது சனிக்கிழமை கடையில் கூட்டம். பதினொன்றாவது சனிக்கிழமை மழை. பன்னிரண்டாவது சனிக்கிழமை, “டீச்சர், இப்போதைக்கு நிறுத்தி வைங்களேன்.” அட்டை திரும்பியது. திரும்பியது திரும்பியதுதான்.

ஒரு புதன்கிழமை காலை அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது டீச்சரின் அழைப்பு வந்தது. “சார், நல்லா இருக்கீங்களா? ஒரு விஷயம். வர்ற சனிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வர்றீங்கன்னா சந்தோஷம், வாங்க. இல்லேன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

“எதுக்கு டீச்சர் இவ்வளவு அவசரம்?”

“பதினெட்டு அட்டையில பதினொண்ணு சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கு சார். யாராவது புதுசா சேர வந்தா இடமில்லேன்னு திருப்பி அனுப்புறேன். அந்தப் பதினோரு மணி நேரமும் தனியா உட்கார்ந்து ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்குறேன். உங்க நேரத்துக்கு மட்டும் ஒருத்தர் ரெண்டு வருஷமா காத்திருக்காங்க. இப்படியே போனா இந்த மாசத்தோட வகுப்பை மூடிட வேண்டியதுதான்.”

“அடடா, மூடக்கூடாது டீச்சர்! உங்களை மாதிரி சொல்லிக் கொடுக்க யார் இருக்கா?” என்று நம்மவர் பதறிப்போனார். பதற்றம் நிஜம். நுரை சட்டையில் வழிவதுகூடத் தெரியவில்லை.

“அப்போ உங்க நேரம்?”

“இப்போதைக்கு... அப்படியே இருக்கட்டுமே டீச்சர்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “நீங்க பதினொண்ணாவது ஆளு சார். மத்த பத்து பேரும் இதையேதான் சொன்னாங்க.”

சமையலறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

“ஏங்க, நான் ஒண்ணு கேட்கவா? அந்த வயலினைத் தொட்டு எத்தனை நாளாச்சு?”

“நாளா? அது வந்து...”

“நாலு வருஷம். பீரோ மேல கிடக்கு. அது மேல நான் கம்பளி அடுக்கி வச்சிருக்கேன். நம்ம வீட்டுல கிடக்குறது கிடந்துட்டுப் போகட்டும். அந்தம்மா பாவம், வகுப்பையே மூடுறேங்கிறாங்க. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயில இருக்குற முத்தெல்லாம் கொட்டிடுமா?”

“சொல்லிடலாம், சொல்லிடலாம். கொஞ்சம் பழகிக்கணும்.”

“எதைப் பழகணும்? வேண்டாம்னு சொல்லவா?”

சிரிக்காதீர்கள். நீச்சல் தெரியாதவன் குளத்தில் இறங்குமுன் தொட்டியில் பழகுவதில்லையா? நம்மவர் அன்று மாலையே சுலபமான இடத்தில் ஒத்திகை பார்ப்பதென்று தீர்மானித்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனார். தூண் மாதிரி இருந்த பயிற்சியாளர் அவரைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

“சார்! எவ்வளவு நாளாச்சு பார்த்து! உங்க லாக்கரை யாருக்கும் குடுக்கல தெரியுமா? உள்ளே உங்க துண்டு அப்படியே இருக்கு.”

“அதைப் பத்திதான் பேச வந்தேன். என் பேரை... அதாவது... இந்தச் சந்தாவை ஒரேயடியா...”

“ஒரேயடியா இன்னும் ஆறு மாசம் நிறுத்தணுமா? அதுக்கென்ன சார், தாராளமா!”

“ஆங். அதேதான்.”

ஒரு வாழைப்பழமும் ஓசியில் கிடைத்தது. சாப்பிட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தவரிடம் மனைவி, “என்ன ஆச்சு?” என்றாள். “ஆறு மாசம்” என்றார். அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது, பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மகளும் வந்து சேர்ந்துகொண்டாள். நம்மவரும் அசடு வழியச் சிரித்தார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது காலி அறையில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் டீச்சரின் முகம் நினைவுக்கு வந்தபடியே இருந்தது. உள்ளபடியே அவருக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். பரிசோதனை நாற்காலியில் தையற்கடை அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம்மவர் வழக்கம்போல் சில்லை மாற்றிப் போட்டு, “இதுவா, இதுவா?” என்றார்.

“ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.”

“ஏதாவது ஒண்ணு கொஞ்சம் தெளிவா இருக்குமே?”

“அது ஒரு விதத்துல நல்லா இருக்கு. இது இன்னொரு விதத்துல நல்லா இருக்கு. ரெண்டையும் இருக்க விடுங்களேன்.”

“எப்படிம்மா ரெண்டையும் விட முடியும்? ஒரு கண்ணுக்கு ஒரு கண்ணாடிதான்.”

“அவசரப்படுத்தாதீங்க தம்பி. இன்னொரு தடவை போடுங்க.”

இப்படியே கால் மணி நேரம். நம்மவருக்குப் பொறுமை போய்விட்டது. “ஏதாவது ஒண்ணைச் சொல்லிட்டு எழுந்திருங்கம்மா! நீங்க பாட்டுக்கு நாற்காலியைப் பிடிச்சு உட்கார்ந்துக்கிட்டா வெளியே காத்திருக்குறவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?” என்று கத்தினார்.

கத்தியவர் கப்சிப்பென்று நின்றுவிட்டார். கையிலிருந்த சில்லு கையிலேயே இருந்தது. “என்ன தம்பி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று அந்த அம்மாள் கேட்கும்படி ஆகிவிட்டது. இவர் தலையை ஆட்டி, அவரிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி சில்லை மாட்டினார்.

சனிக்கிழமை நான்கே முக்காலுக்குச் சலவைக் கடை மாடிப்படி ஏறினார். வழியெல்லாம் ‘வேண்டாம் டீச்சர், வேண்டாம் டீச்சர்’ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்ததில், வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தவர் தன் சரக்கைத்தான் வேண்டாம் என்கிறார் என்று கோபித்துக்கொண்டார். மாடியில், கதவுக்கு வெளியே கிடந்த பெஞ்சில் நர்ஸ் உடுப்பில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடியில் புத்தம்புது வயலின் பெட்டி, அதன் மேல் ஆஸ்பத்திரிப் பை.

நம்மவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நீங்களும் இடம் கேட்டு வந்தீங்களா?” என்றார் நர்ஸம்மா. “கிடைக்காது. நான் ரெண்டு வருஷமா கேட்குறேன். எனக்கு வாரத்துல ஓய்வுன்னு கிடைக்கிறதே சனிக்கிழமை அஞ்சு மணியிலிருந்து ஆறு மணிதான். அதுக்கப்புறம் ராத்திரி வேலை. அந்த ஒரு மணி நேரத்தை யாரோ ஒரு மகராசன் பிடிச்சு வச்சுக்கிட்டு, வர்றதும் இல்ல, விடுறதும் இல்ல. அவர் மூஞ்சியை ஒரு தடவை பார்க்கணும் எனக்கு.”

நம்மவர் மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். “பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ.”

“என்ன கஷ்டம்? வர்றேன்னு சொல்லணும், இல்ல வேண்டாம்னு சொல்லணும். நான் சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்டுக்கிட்டே இருக்கேன். பிள்ளைங்க வளரட்டும், மாமியாருக்கு குணமாகட்டும்னு தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு இப்பத்தான் வயலின் வாங்கியிருக்கேன். இதை இன்னும் எத்தனை நாள் பெட்டிக்குள்ளேயே வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்குறது?”

கதவு திறந்தது. டீச்சர் எட்டிப் பார்த்து முகமெல்லாம் மலர, “அட, வாங்க சார்! வாங்க, சனிக்கிழமை அஞ்சு மணி!” என்றார்.

நர்ஸம்மா மெதுவாகத் திரும்பி நம்மவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வர்ணிக்கப்போவதில்லை. முப்பது வருடமாக ஊசி போட்ட கைக்குச் சொந்தக்காரர் பார்த்த பார்வை அது.

மூவரும் உள்ளே போனார்கள். நம்மவர் ஆரம்பித்தார். “டீச்சர், வந்து...” நிறுத்தினார். “அதாவது டீச்சர், நான் யோசிச்சுப் பார்த்ததுல...” மறுபடி நிறுத்தினார். “இப்போதை...” என்று வாய் தானாகவே கிளம்பியது. நர்ஸம்மா தொண்டையைக் கனைத்தார். நம்மவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் போட்டு உடைத்தார்.

“எனக்கு வேண்டாம் டீச்சர். நான் இனிமே வரமாட்டேன். என் நேரத்தை இவங்களுக்குக் குடுத்துடுங்க!”

சொல்லிவிட்டார் ஐயா! நாற்பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் உலகம் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது, நெஞ்சில் சுருக்கென்று ஒரு வலி. இந்த நான்கு வருடமும் அவர் வயலின் வாசிக்காதவர் இல்லை, வாசிக்கப்போகிறவர். இந்த நிமிடத்திலிருந்து வாசிக்காதவர். துக்கமாகத்தான் இருந்தது, அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

டீச்சர் பலகையிடம் போனார். அட்டையைத் திருப்பினார். பெயரைப் பார்த்தார். கழற்றக் கையைத் தூக்கியவர், தூக்கிய கையோடு நின்றார்.

“அந்த மூணாவது பாடத்தை எவ்வளவு நல்லா வாசிச்சீங்க, சார்” என்றார். “இப்படி ஒரேயடியா அறுத்துக்கிட்டுப் போகணுமா? ஒண்ணு செய்யலாமே... ஒரு மூணு மாசம் மட்டும்...”

பார்த்தீர்களா? நோய்க்கு மருந்து கேட்டு வந்தால் வைத்தியருக்கே அதே நோய்! நம்மவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உண்மையைச் சொன்னால் அவர் வாய் “அதுவும் சரிதான்” என்று சொல்லப் பாதி திறந்தேவிட்டது.

நர்ஸம்மா முன்னால் வந்தார். ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றினார். அதை நம்மவர் சட்டைப்பையில் செருகி, பையை இரண்டு தட்டுத் தட்டினார். “வலிக்குதா? கொஞ்ச நேரத்துல சரியாயிடும்” என்றார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்.

“டீச்சர், இதை எந்தப் பக்கம் பிடிக்கணும்? நாலு நிமிஷம் போயிடுச்சு. ஆரம்பிங்க.”

நம்மவர் படி இறங்கிக்கொண்டிருந்தபோது மேலிருந்து முதல் சத்தம் கேட்டது. துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல் ஒரு கிறீச்சு, தொடர்ந்து நர்ஸம்மாவின் கணீரென்ற சிரிப்பு, அதற்குப் பின்னால் டீச்சரின் சிரிப்பு. சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். “என்ன சார், ரொம்ப நாளைக்கப்புறம் மாடியில சத்தம் கேட்குது” என்றார். “ஆமா, ஆளு வந்தாச்சு” என்றார் நம்மவர். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மற்ற பத்துப் பேரையும் நர்ஸம்மாவே கவனித்துக்கொண்டார். டீச்சரிடம் எண்களை வாங்கி, ஆஸ்பத்திரி உணவு இடைவேளையில் உட்கார்ந்து வரிசையாக அழைத்தார். “வர்றீங்களா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு” என்பதைத் தவிர வேறொரு வார்த்தை பேசவில்லை. ஏழு பேர் இல்லை என்றார்கள். மூன்று பேர் பயந்துபோய் அடுத்த வாரமே வகுப்புக்கு வந்துவிட்டார்கள், பரீட்சைக்குப் படிக்கப் போன பெண் உட்பட. அவளுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. வகுப்பை மூடும் பேச்சு நின்றுபோயிற்று.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். பாவம் அந்தக் கண்ணாடிக்காரர், நல்லவேளை நாம் அப்படியில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். இருங்கள், எனக்கொன்றும் ஆட்சேபமில்லை. ஆனாலும் கைவேலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: உங்களுக்கு வேண்டாத ஏதோ ஒன்றுக்காக எந்த மாடிப் பெஞ்சிலாவது யாராவது இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார்களா? ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை.

‘யோசிச்சுச் சொல்றேனே’ என்றுதானே சொல்ல வாயெடுத்தீர்கள்?